சிறுநீரக நோயாளரின் இருதயம்: ஸ்டென்ட் சிகிச்சையா, பைபாஸ் சத்திரசிகிச்சையா?

இருதயத்தின் இரத்தக் குழாய்களில் அடைப்பு ஏற்பட்டால் ஸ்டென்ட் பொருத்துவதா, பைபாஸ் சத்திரசிகிச்சை செய்வதா என்ற கேள்வி கொழும்பு வாழ் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் வாசற்படிக்கே வந்துவிட்ட கேள்வியாகும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஐம்பது வயதைக் கடந்தோர் வாழும் வீடுகளில் நீரிழிவு மாத்திரையோ இரத்த அழுத்த மாத்திரையோ இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகிவிட்டது. கொழும்பு நகரின் வயது வந்தோரிடையே மேற்கொள்ளப்பட்டு 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு நீரிழிவு உள்ளதெனக் கண்டறிந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகள் உடலில் குடிகொள்ளும்போது அவை இருதயத்தின் குழாய்களை மாத்திரம் பாதிப்பதில்லை. அதே காலத்தில் சிறுநீரகங்களையும் சத்தமின்றிச் சிதைத்து விடுகின்றன. ஆகவே, அஞ்சியோகிராம் பரிசோதனையில் அடைப்பு கண்டுபிடிக்கப்படும் நாளில் நோயாளர்கள் பலரின் சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்த நிலையில் இருக்கின்றது. இத்தகையோருக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் செய்யப்பட்ட சிகிச்சையை அளவுகோலாகக் கொள்ள முடியாது. இவர்களுடைய கணக்கு வேறானது. அந்தக் கணக்கை வாசகர்கள் விளங்கிக்கொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வைத்தியரின் ஆலோசனைக்கு இது மாற்றீடன்று. வைத்தியரிடம் எதைக் கேட்பது என்பதற்கான துணையே ஆகும்.

சிறுநீரகமும் இருதயமும்

எமது நாட்டில் சிறுநீரக நோய் என்றவுடன் வடமத்திய மாகாணமே பலருக்கும் ஞாபகத்திற்கு வருகின்றது. 1990களில் அப்பகுதி விவசாயிகளிடையே இனங்காணப்பட்ட, காரணம் இன்னமும் முழுமையாக நிரூபிக்கப்படாத அந்த நோய் வேறு. தலைநகரில் வாழ்வோரைப் பெரும்பாலும் தாக்குவது நீரிழிவினாலும் இரத்த அழுத்தத்தினாலும் உண்டாகும் சிறுநீரக நோயாகும். இதன் பெரிய ஆபத்து இருதயத்தின் ஊடாகவே வருகின்றது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் பதினொரு இலட்சத்திற்கும் அதிகமானோரின் மருத்துவத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு இதனை ஐயந்திரிபறக் காட்டியது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 60இற்குக் கீழ் இறங்கத் தொடங்கியதும் இருதய நோய் அபாயம் ஏறத் தொடங்குகின்றது. அத்திறன் 30இற்கும் 44இற்கும் இடையில் இருப்போருக்கு அபாயம் இரு மடங்காகின்றது. 15இற்கும் கீழ் இறங்கியோருக்கு அது மூன்று மடங்கைத் தாண்டுகின்றது. சிறுநீரக நோயாளர்களில் பலர் டயலிசிஸ் எனப்படும் இரத்த சுத்திகரிப்பு நிலையை அடையும் முன்னரே இருதய நோயால் மரணிக்கின்றனர்.

நாவலப்பிட்டியில் பிறந்து தமிழக முதலமைச்சரான எம்.ஜி.ஆர். 1984 ஒக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்த நிலையில் சென்னையில் அனுமதிக்கப்பட்டதும், அதே ஆண்டு டிசம்பரில் நியூயோர்க் புரூக்ளினில் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டதும் மூத்த வாசகர்கள் அறிந்த செய்தி. 1987 டிசம்பர் 24ஆம் திகதி அவர் காலமானபோது அவரது உயிரைப் பறித்தது இருதயமே. சிறுநீரக நோயாளரைக் கவனிப்பது என்பது அவரது இருதயத்தையும் கவனிப்பதாகும் என்பதற்கு இதனை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம்.

கிரியேட்டினின் என்ற ஏமாற்று எண்

சிகிச்சை முறையைத் தெரிவு செய்யும் முன்னர் சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது என்பதை அறிவது அவசியம். எம்மவர் வழக்கமாகப் பார்ப்பது இரத்தப் பரிசோதனை அறிக்கையிலுள்ள கிரியேட்டினின் அளவையே ஆகும். 'கொஞ்சந்தான் கூடியிருக்கிறது' என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவோரும் உளர். இது ஆபத்தான அலட்சியமாகும்.

கிரியேட்டினின் 1.3 மில்லிகிராம், அதாவது 115 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயது ஆணுக்கு இந்த எண் இருந்தால் வடிகட்டும் திறன் ஏறத்தாழ 76 எனக் கணக்கிடப்படும். எழுபது வயது மூதாட்டிக்கு அதே எண் இருந்தால் அவரது திறன் ஏறத்தாழ 44 மாத்திரமே. ஒரே எண், இருவேறு நிலைமைகள். ஆகவே, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடப்படும் ஜி.எப்.ஆர். என்ற அளவையே கேட்டறிய வேண்டும். இது 30இற்கும் 59இற்கும் இடையில் இருந்தால் மூன்றாம் கட்டம், 15இற்கும் 29இற்கும் இடையில் நான்காம் கட்டம், அதற்கும் கீழ் ஐந்தாம் கட்டம் என வகுக்கப்படுகின்றது. ஸ்டென்டா, பைபாஸா என்ற கேள்விக்கான விடை இக்கட்டங்களுக்கு ஏற்ப மாறுகின்றது.

இரு சிகிச்சைகளும் செய்வது என்ன?

பைபாஸ் சத்திரசிகிச்சையை இன்றைய வடிவில் நிலைநிறுத்தியவர் ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த ரெனே பவலோரோ. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லன்ட் மருத்துவமனையில் காலிலிருந்து எடுத்த நாளத்தைக் கொண்டு அவர் அடைப்பைச் சுற்றி இரத்தத்திற்கு மாற்றுவழி அமைத்தார். நெஞ்சைத் திறக்காமலே அடைப்பை விரிக்கலாம் என்பதை 1977 செப்டெம்பரில் சூரிச் நகரில் அன்ட்றியாஸ் குறுன்ற்சிக் பலூன் முறையால் நிரூபித்தார். விரித்த குழாய் மீண்டும் சுருங்காதிருக்க உள்ளே உலோக வலைச் சுருளை வைக்கும் ஸ்டென்ட் முறை 1986இல் பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் ஆரம்பமானது. மருந்து பூசிய ஸ்டென்ட்கள் 2002, 2003ஆம் ஆண்டுகளில் பாவனைக்கு வந்தன. இன்று பொருத்தப்படுபவை பெரும்பாலும் அவற்றின் பின்வந்த, மேம்பட்ட வகைகளாகும்.

இரண்டிற்கும் இடையிலான அடிப்படை வேறுபாட்டை ஒரு வீதியைக் கொண்டு விளக்கலாம். காலி வீதியில் ஓரிடத்தில் குழி விழுந்தால் அவ்விடத்தை மாத்திரம் செப்பனிடுவது ஸ்டென்ட். அவ்வீதிக்குச் சமாந்தரமாக வேறொரு பாதையைத் திறந்து விடுவது பைபாஸ். ஒரேயொரு குழி என்றால் செப்பனிடுவதே இலகுவானது. வீதி நெடுகிலும் குழிகள் இருந்தாலோ, நாளை வேறிடங்களில் குழி விழும் என்று எதிர்பார்த்தாலோ மாற்றுப் பாதையே நெடுநாள் பயன்தரும். நீண்டகாலச் சிறுநீரக நோயாளரின் இருதயக் குழாய்களில் சுண்ணாம்புச் சத்து படிந்து, அடைப்பு நெடுகப் பரவியிருப்பது சாதாரணம். அவர்கள் விடயத்தில் பைபாஸ் சத்திரசிகிச்சைக்கு நீண்டகால அனுகூலம் கிடைப்பதற்கு இதுவே பிரதான காரணமாகும்.

ஆயினும், பாதை திறக்கும் வேலை பெரிய வேலை. நெஞ்செலும்பைப் பிளந்து, பல மணிநேரம் மயக்க மருந்தின் கீழ் வைத்துச் செய்யப்படும் சத்திரசிகிச்சையை, தளர்ந்த சிறுநீரகமும் இரத்தச்சோகையும் உள்ள உடல் தாங்க வேண்டும். கிருமித்தொற்று, பாரிசவாதம், சிறுநீரகம் திடீரெனச் செயலிழத்தல் ஆகிய அபாயங்கள் இவர்களுக்கு அதிகம்.

ஸ்டென்ட் முறையிலும் சிறுநீரகத்திற்கு ஆபத்து இல்லாமலில்லை. குழாய்கள் எக்ஸ்ரே திரையில் தெரிவதற்காகச் செலுத்தப்படும் சாயமருந்து தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் பாதிக்கக்கூடும். இப்பாதிப்பு பொதுவாக இரண்டு, மூன்று நாட்களில் வெளிப்படும். பெரும்பாலானோருக்குத் தானாகவே சீராகும். சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. ஸ்டென்ட் பொருத்திய பின் இரத்தம் உறையாதிருக்க அஸ்பிரினுடன் இன்னொரு மருந்தையும் சேர்த்து உட்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளருக்கு இரத்தக்கசிவு இயல்பாகவே எளிதில் ஏற்படுமாதலால் இம்மருந்துகள் அவர்களுக்கு இருபுறமும் கூருள்ள வாள் எனலாம்.

ஆய்வுகள் கூறுவன

இருதய சிகிச்சை தொடர்பான பெரிய ஆய்வுகள் பலவற்றில், முற்றிய சிறுநீரக நோயுடையோர் ஆரம்பத்திலேயே விலக்கப்பட்டு வந்துள்ளனர். எனவே இவர்களைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி, சிகிச்சை பெற்றோரின் பதிவேடுகளைப் பின்னர் ஒப்பிட்டுப் பெறப்பட்டதாகும். இத்தகைய ஒப்பீட்டில் ஒரு குறை உண்டு. ஓரளவு திடகாத்திரமானவர்களையே சத்திரசிகிச்சை நிபுணர்கள் பைபாஸுக்குத் தெரிவு செய்திருக்கக்கூடும். இதனை மனதிற் கொண்டே பின்வரும் எண்களை நோக்க வேண்டும்.

அமெரிக்காவில் டயலிசிஸ் செய்துவந்த இருதய நோயாளரைப் பற்றிய ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளியானது. பைபாஸ் செய்யப்பட்டோரில் 100இற்கு 8.6 பேர் வைத்தியசாலையிலேயே உயிரிழந்தனர். ஸ்டென்ட் பொருத்தப்பட்டோரில் அது 4.1 மாத்திரமே. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழிந்தபோது பைபாஸ் செய்தோரில் 100இற்கு 56.4 பேரும், ஸ்டென்ட் பொருத்தியோரில் 48.4 பேரும் உயிருடன் இருந்தனர். முதல் மாதத்தில் முந்தியது ஸ்டென்ட். இரண்டாம் ஆண்டில் முந்தியது பைபாஸ். பின்னர் வந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டதும் ஏறக்குறைய இதே தோற்றமாகும்.

2012இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு, பல குழாய்களில் அடைப்புள்ள ஏறத்தாழ 22 ஆயிரம் டயலிசிஸ் நோயாளரைப் பற்றியது. பைபாஸ் செய்தோரின் மரண அபாயம் ஸ்டென்ட் உள்ளிட்ட குழாய்வழிச் சிகிச்சை பெற்றோரைவிட ஏறத்தாழ 13 வீதம் குறைவாக இருந்தது. ஆனால் அந்த ஆய்வு கூறும் கசப்பான உண்மை வேறொன்று. எந்தச் சிகிச்சையைப் பெற்றாலும் ஐந்து ஆண்டுகளின் பின் உயிருடன் இருந்தோர் 100இற்கு 22 முதல் 25 பேர் மாத்திரமே. டயலிசிஸ் நிலையை அடைந்த பின்னர் இருதயத்தைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதை இந்த எண்கள் எடுத்துரைக்கின்றன.

நியூயோர்க் மாநிலப் பதிவேட்டிலிருந்து, சிறுநீரக நோயும் பல குழாய்களில் அடைப்பும் உள்ள 5,920 பேரைச் சமநிலைப்படுத்தி ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. இதில் ஒப்பிடப்பட்டவை புதிய வகை மருந்து பூசிய ஸ்டென்ட்களாகும். ஆரம்ப நாட்களில் மரணமும் பாரிசவாதமும் ஸ்டென்ட் பெற்றோரிடையே குறைவாக இருந்தன. நீண்டகாலத்தில் மரண வீதம் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஆனால் மாரடைப்பும், மீண்டும் சிகிச்சை செய்யவேண்டிய தேவையும் ஸ்டென்ட் பெற்றோருக்கே அதிகம். டயலிசிஸ் செய்வோரைத் தனியே நோக்கியபோது பைபாஸே உயிர்காப்பில் மேலோங்கியது.

நீரிழிவு நோயாளர் 1,900 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வையும் இங்கு குறிப்பிடுவது பொருந்தும். இது பதிவேட்டு ஒப்பீடன்று. நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவுகளாக்கிச் செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுகளில் ஸ்டென்ட் பிரிவில் 100இற்கு 16.3 பேரும், பைபாஸ் பிரிவில் 10.9 பேரும் மரணித்தனர். பாரிசவாதம் மாத்திரம் பைபாஸ் பிரிவில் 5.2 ஆகவும் ஸ்டென்ட் பிரிவில் 2.4 ஆகவும் இருந்தது. கொழும்பின் சிறுநீரக நோயாளர்களில் பலர் நீரிழிவு நோயாளர்களுமாவர் என்பதால் இந்த முடிவு எமக்கும் முக்கியமானது.

இவற்றை அடிப்படையாகக் கொண்டே, பல குழாய்களில் அடைப்புள்ள சிறுநீரக நோயாளருக்குச் சத்திரசிகிச்சையைத் தாங்கும் வலுவும் ஓராண்டுக்கு மேற்பட்ட ஆயுள் எதிர்பார்ப்பும் இருந்தால் பைபாஸையும், அவ்வாறில்லாவிடில் ஸ்டென்டையும் முதலில் பரிசீலிக்குமாறு ஐரோப்பிய இருதயவியல் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டி ஆலோசனை வழங்கியது.

முதலில் கேட்கவேண்டிய கேள்வி

மேற்கூறியவற்றைப் படித்த வாசகர், இரண்டில் ஒன்றைச் செய்தேயாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. ஸ்டென்டா, பைபாஸா என்பது இரண்டாவது கேள்வி. இப்போது இவற்றுள் ஏதேனும் ஒன்று அவசியமா என்பதே முதற் கேள்வியாகும்.

மாரடைப்பு ஏற்பட்டுவிட்டால் இக்கேள்விக்கு இடமில்லை. அடைபட்ட குழாயை விரைந்து திறப்பதே உயிர்காக்கும் வழி. 'கிரியேட்டினின் கூடியவர், சாயமருந்து ஏற்றக்கூடாது' என்று குடும்பத்தினர் தயங்கித் தாமதிப்பது பெருந்தவறாகும். சிறுநீரகம் பழுதானவர் என்ற ஒரே காரணத்திற்காக இருதய சிகிச்சை மறுக்கப்படுவோர் உலகெங்கும் அதிகம் என்பதை நிபுணர்கள் பல காலமாகச் சுட்டிக்காட்டி வந்துள்ளனர். சிறுநீரகத்திற்கு டயலிசிஸ் உண்டு. நின்றுபோன இருதயத்திற்கு அப்படியொன்றில்லை. மேலும், நீரிழிவும் சிறுநீரக நோயும் உள்ளவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம். திடீர் மூச்சுத்திணறல், வியர்வை, காரணமற்ற களைப்பு என்பவற்றை வாயுக்கோளாறு என்று ஒதுக்கிவிடாது உடனடியாக வைத்தியசாலைக்கு விரைய வேண்டும்.

நோய் நிதானமான நிலையில் உள்ளோரின் விடயம் வேறு. 30 நாடுகளில் 777 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, முற்றிய சிறுநீரக நோயாளருக்கென்றே வகுக்கப்பட்டதாகும். அவர்களில் அரைவாசிக்கும் சற்று மேற்பட்டோர் டயலிசிஸ் செய்பவர்கள். ஒரு பிரிவினருக்கு அஞ்சியோகிராமும் தேவைப்பட்டோருக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸும் செய்யப்பட்டன. மறு பிரிவினருக்கு முதலில் மருந்துச் சிகிச்சை மாத்திரம் அளிக்கப்பட்டது. மூன்றாண்டுக் கணிப்பில் மரணமோ மாரடைப்போ நேர்ந்தவர்கள் முதற் பிரிவில் 100இற்கு 36.4, இரண்டாம் பிரிவில் 36.7. வேறுபாடு இல்லையென்றே கூறலாம். பாரிசவாதம் முதற் பிரிவில் அதிகமாக இருந்தது. மரணம் அல்லது டயலிசிஸ் ஆரம்பித்தல் என்பதும் அப்பிரிவிலேயே கூடுதலாக இருந்தது.

இந்த ஆய்வை அளவுக்கு மீறியும் பொருள்கொள்ளக் கூடாது. அண்மையில் மாரடைப்புக்கு உள்ளானோர், மருந்துக்கு அடங்காத நெஞ்சுவலி உள்ளோர், இருதயம் பெரிதும் பலவீனமடைந்தோர் ஆகியோர் இதில் சேர்க்கப்படவில்லை. அத்தகையோருக்கு இம்முடிவு பொருந்தாது. ஆனால் வலி கட்டுப்பாட்டில் உள்ள, நிதானமான நிலையிலுள்ள முற்றிய சிறுநீரக நோயாளரை, 'அடைப்பு இருக்கிறது, உடனே எதையாவது செய்தாக வேண்டும்' என்று அவசரப்படுத்தத் தேவையில்லை என்பதை இது தெளிவாக்குகின்றது. மருந்து மாத்திரம் என்பது கைவிடப்பட்ட நிலை அன்று. அதுவும் ஒரு சிகிச்சையே.

தீர்மானத்தை மாற்றும் வேறு காரணிகள்

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தவிருக்கும் நோயாளருக்கு ஸ்டென்ட் வைத்தால், இரண்டு இரத்தம் உறையா மருந்துகளையும் சேர்த்து உட்கொள்ளும் மாதங்களில் மாற்றுச் சத்திரசிகிச்சையைப் பின்போட நேரிடலாம். சிறுநீரகம் வழங்க உறவினர் ஒருவர் முன்வந்திருக்கும் குடும்பத்தில் இது பெரிய விடயம். எந்தச் சிகிச்சை எப்போது என்பதை இருதய நிபுணரும் சிறுநீரக நிபுணரும் கூடிப்பேசியே தீர்மானிக்க வேண்டும்.

அஞ்சியோகிராம் பலருக்கு மணிக்கட்டு வழியாகச் செய்யப்படுகின்றது. டயலிசிஸுக்காகக் கையில் இரத்தக் குழாய் இணைப்புச் செய்யப்பட்டவர்களும், விரைவில் செய்யப்படவுள்ளவர்களும் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் கூற வேண்டும். அந்தக் கையின் குழாய்கள் அவர்களின் உயிர்நாடி போன்றவை.

சாயமருந்தின் பாதிப்பைத் தவிர்க்கப் பெரிய மாயமருந்து எதுவுமில்லை. நாளத்தின் வழியாக அளவோடு உப்புக்கரைசல் ஏற்றுவதும், சாயமருந்தின் அளவை இயன்றளவு குறைப்பதுமே பயனுள்ள வழிகள். முன்னர் பரவலாகக் கொடுக்கப்பட்டு வந்த அசிட்டைல்சிஸ்டீன் மருந்தால் கூடுதல் நன்மை இல்லையென 2018இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. பரிசோதனைக்கு முன்னர் வலிநிவாரணி மாத்திரைகளைத் தவிர்ப்பதும், நீரிழிவுக்கான மெட்போர்மின் மாத்திரையை எப்போது நிறுத்தி எப்போது மீண்டும் தொடங்குவது எனக் கேட்டறிவதும், இரண்டு மூன்று நாட்களின் பின் கிரியேட்டினினை மீண்டும் பரிசோதிப்பதும் நோயாளர் தரப்பில் செய்யக்கூடியவை.

நோன்பும் விரதமும் இங்கு கவனத்திற்குரியவை. உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் சாயமருந்து கூடுதல் தீங்கு விளைவிக்கும். ரமழான் மாதத்தில் சிகிச்சைக்குத் திகதி குறிக்கப்பட்டால் முஸ்லிம் வாசகர்கள் அதனை வைத்தியரிடம் முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும். நோயாளிக்கு மார்க்கம் வழங்கியுள்ள சலுகையை ஏற்பது பலவீனமன்று. கந்தசஷ்டியில் நீரும் அருந்தாது உபவாசம் இருக்கும் இந்து அன்பர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஸ்டென்ட் பொருத்தியவர் நோன்பையோ விரதத்தையோ காரணங்காட்டி இரத்தம் உறையா மாத்திரையை ஒரு நாளேனும் தாமாக நிறுத்தலாகாது. ஸ்டென்டினுள் இரத்தம் உறைந்தால் அது உயிருக்கே உலை வைக்கும். உடலுக்குக் குளிர்ச்சி என்று செவ்விளநீரை அருந்துவதும் முற்றிய சிறுநீரக நோயாளருக்கு ஏற்றதன்று. அதிலுள்ள பொட்டாசியம் இருதயத் துடிப்பையே குழப்பிவிடக்கூடியது.

பணமும் மொழியும்

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வெள்ளவத்தைக் குடும்பங்களில், எது செலவு கூடியதோ அதுவே சிறந்த சிகிச்சை என்ற எண்ணம் காணப்படுகின்றது. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசியில் வரும் ஆலோசனைகள் வைத்தியரின் சொல்லை மேவி நிற்பதும் உண்டு. கொட்டாஞ்சேனையிலோ மாளிகாவத்தையிலோ நாட்சம்பளத்தில் வாழும் குடும்பங்களின் நிலை வேறு. அரச வைத்தியசாலையில் பைபாஸுக்குக் கட்டணம் இல்லையாயினும் காத்திருப்போர் பட்டியல் நீண்டது. காத்திருக்க அஞ்சி நகையை அடகு வைத்துத் தனியாரிடம் செல்வோரும் உளர். இரு தரப்பினரும் கேட்க மறப்பது ஒன்றே: இந்த நோயாளிக்கு, இவரது சிறுநீரகத்தின் இன்றைய நிலையில், எது பொருத்தம்?

சிகிச்சைக்கெனச் சென்னை செல்வோர், இந்திய அரசு 2017 பெப்ரவரியில் ஸ்டென்ட்களுக்கு உச்ச விலை விதித்ததை அறிந்திருப்பது நல்லது. மருந்து பூசாதவற்றுக்கு 7,260 இந்திய ரூபாவும் மருந்து பூசியவற்றுக்கு 29,600 ரூபாவும் என அப்போது அறிவிக்கப்பட்டது; அதன் பின்னர் அவ்விலைகள் அவ்வப்போது மாற்றியமைக்கப்பட்டு வருகின்றன. இங்கு, 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட ஜனாதிபதி நிதியம் இருதய சத்திரசிகிச்சைக்கும் சிறுநீரக மாற்றுக்கும் உதவி வழங்கி வருகின்றது. 2025ஆம் ஆண்டு முதல் பிரதேச செயலகங்கள் ஊடாகவும் அதன் சேவையை நாட வழி செய்யப்பட்டுள்ளது. ஸக்காத் நிதியத்தையும் ஆலய அறப்பணிகளையும் நிர்வகிப்போர், சத்திரசிகிச்சைச் செலவுக்கு உதவுவதுடன் நின்றுவிடாது அதன் பின் மாதாமாதம் வாங்கவேண்டிய மருந்துகளையும் கருத்திற் கொண்டால் பேருதவியாகும். ஸ்டென்டை இலவசமாகப் பெற்று, மாத்திரை வாங்க வழியின்றி நிற்பவரின் ஆபத்து சிறியதன்று.

பணத்தைவிடக் கவனிக்கப்படாத தடையொன்று மொழி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனாலும் இருதயத்தைத் திறப்பதற்குச் சம்மதம் கேட்கும் படிவம், நோயாளி வாசிக்க முடியாத மொழியில் நீட்டப்படும் சந்தர்ப்பங்கள் இன்றும் உள்ளன. மகனோ மருமகளோ பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் மொழிபெயர்க்க, நோயாளி கையெழுத்திடுகின்றார். முதல் மாத ஆபத்து, ஐந்தாண்டுப் பலன், டயலிசிஸ் தேவைப்படும் வாய்ப்பு என்ற மூன்றையும் எடைபோட்டுச் செய்யவேண்டிய தெரிவை அரைகுறை மொழிபெயர்ப்பில் செய்ய முடியாது. தலைநகரின் பெரிய வைத்தியசாலைகளின் இருதயப் பிரிவுகளில் தமிழில் விளக்கமளிக்கக்கூடிய ஒருவரை நியமிப்பது சுகாதார அமைச்சுக்குப் பெருஞ்செலவான காரியமன்று.

கேட்க வேண்டியவை

கையெழுத்திடும் முன்னர் ஒவ்வொரு குடும்பமும் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டுமென நாம் கருதுகின்றோம். இது அவசர நிலையா, நிதானமான நிலையா? வடிகட்டும் திறன் இன்று எத்தனை? அடைப்பு ஒரு குழாயிலா, பல குழாய்களிலா, இடது பிரதான குழாயிலும் உண்டா? இந்த உடல் நெஞ்சைத் திறக்கும் சத்திரசிகிச்சையைத் தாங்குமா? மருந்துடன் மாத்திரம் காத்திருந்தால் என்ன நேரும்? இவற்றுக்கான விடைகளை இருதய வைத்திய நிபுணர், இருதய சத்திரசிகிச்சை நிபுணர், சிறுநீரக வைத்திய நிபுணர் ஆகிய மூவரும் ஒன்றாக ஆராய்ந்து கூறுவதே சிறந்தது. ஒருவரை மாத்திரம் சனல் செய்து பெறும் பதில் பெரும்பாலும் அவரவர் துறையின் பதிலாகவே அமையக்கூடும்.

பொதுவிதியாகக் கூறுவதாயின்: ஓரிரு இடங்களில் அடைப்புள்ளோருக்கும், உடல் தளர்ந்தோருக்கும், மாரடைப்புக்கு உள்ளானோருக்கும் ஸ்டென்ட், பல குழாய்களில் அடைப்புடன், உடல்வலுவும் பல்லாண்டு வாழும் எதிர்பார்ப்பும் உள்ளோருக்கு, சிறப்பாக நீரிழிவு உள்ளோருக்கு, பைபாஸ், நிதானமான நிலையிலுள்ள முற்றிய சிறுநீரக நோயாளருக்கு முதலில் மருந்து. ஒவ்வொரு விதிக்கும் விலக்குகள் உண்டு.

இவை யாவும் நோய் முற்றிய பின்னர் எழும் கேள்விகள். நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை கிரியேட்டினினையும், சிறுநீரில் புரதம் கலந்துள்ளதா என்பதையும் பரிசோதித்தால் இவற்றுள் பலவற்றைத் தவிர்க்க முடியும். இரண்டும் அரச கிளினிக்குகளிலும் சாதாரண ஆய்வுகூடங்களிலும் செய்யக்கூடிய எளிய பரிசோதனைகளே. டயலிசிஸ் நிலைக்குச் செல்லும் முன்னர் ஆரம்பிக்கப்படும் கொழுப்புக் குறைப்பு மருந்து பயனளிப்பதும், டயலிசிஸ் தொடங்கிய பின் அதே மருந்தைப் புதிதாக ஆரம்பிப்பதால் பெரும்பயன் கிட்டாததும் ஆய்வுகளில் தெரியவந்த உண்மைகள். சிறுநீரகத்தைக் காக்கத் தொடங்கும் நாளிலேயே இருதயத்தைக் காக்கும் பணியும் தொடங்கிவிடுகின்றது. எமது வாசகர்கள் தத்தமது வீட்டு மூத்தோரின் பழைய அறிக்கைகளை இன்றே எடுத்துப் பார்ப்பார்களாயின் அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.